மின்தடை அன்று நூலகம் திறந்திருக்கும்

உம்மல் குல்சுமின் தங்கை ஃபஹீமா இதுவரை போராடி ஜெயித்தவை இவை.

2003இல் பத்தாவதோடு நின்றுபோன படிப்பை ஐந்து வருடம் கழித்துத் தொட்டு, தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு தேறினாள். இரண்டாவது முறைதான், ஆனாலும் ஆயிரத்து இருநூறுக்கு எழுநூற்றுப் பதினொன்று. அத்தா ஷேக் பரீத் தறி மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் வேலைக்காரர். அவர் படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து படித்துத்தான் அந்த மதிப்பெண். அதன் பிறகு சோமனூரிலிருந்து கோயம்புத்தூருக்கு இரண்டு பஸ் மாறிப் போய் நூலகப் படிப்புக்கான சான்றிதழ் வாங்கினாள். முப்பத்தொரு வயதில், இருபத்து மூன்று பேர் விண்ணப்பித்த இடத்தில், நொச்சிக்காட்டுப்பாளையத்து ஊர்ப்புற நூலகத்தின் தற்காலிகப் பணியாளர் ஆனாள். கரையான் அரித்த இரண்டு மர அலமாரிகளை மாற்றி இரும்பு அலமாரிகள் வரவழைத்தாள். மூன்று வருடத்தில் நான்கு மனுக்கள் எழுதி நூலகத்துக் கழிப்பறைக்கு ஒரு கதவு வாங்கினாள். கதவு என்றால் உள்தாழ்ப்பாளோடு.

இதில் ஒன்றுகூடச் சின்ன விஷயம் இல்லை என்பது குல்சுமின் முடிவு. யாராவது சிரித்தால் நான்காவது மனுவின் தேதியைச் சொல்வாள்.

குல்சும் படித்தது ஏழாம் வகுப்பு வரை. திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருடமாகச் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எங்கே என்று பார்த்து, அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு உருப்படி. அந்தக் கண் வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. பன்னிரண்டு வயது இளையவளான தங்கை எதை எழுதினாலும் அக்காவின் கண்ணில் பட்டுத்தான் வெளியே போகும்.

2025 ஜனவரி 11, இரண்டாவது சனிக்கிழமை. நூலகங்களுக்கு விடுமுறை. அன்று கோயம்புத்தூரில் ஒரு கல்லூரிக் கூடத்தில் நாற்பது நூலகப் பணியாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். பன்னிரண்டு வாரப் பயிற்சி. வாரத்துக்கு ஒரு புதிய கருவி. வலைப்பூ, ஃபேஸ்புக் பக்கம், வாட்ஸ்அப் குழு, கருத்துக்கணிப்பு, படம் பகிர்வது என்று வரிசையாக. முதல் வாரத்திலேயே ஆளுக்கொரு வலைப்பூ தொடங்கிவிட வேண்டும். அந்தந்த வாரம் கற்றுக்கொண்டதைப் பற்றி அதில் எழுத வேண்டும். சொல்லிக்கொடுத்தவர் ஜெனிதா என்ற கல்லூரி ஆசிரியை. ஃபஹீமாவைவிடச் சின்னப் பெண்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது ஃபஹீமா செருப்பைக் கழற்ற மறந்திருந்தாள்.

"அக்கா, நாம எழுதி அமுக்குனா அடுத்த நிமிஷம் அமெரிக்காவுலகூடப் படிக்கலாமாமுங்கக்கா."

"அமெரிக்காவுல நொச்சிக்காட்டுப்பாளையத்த யாரு தேடுறாங்க? மொதல்ல செருப்பக் கழட்டு கண்ணு."

வலைப்பூவுக்கு 'தறிச்சத்தத்துக்கு நடுவே' என்று பெயர் வைத்தாள். நூலகத்தைச் சுற்றி விசைத்தறிகள் ஓடும் பதினான்கு தறிக்குடோன்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதற்கே வாயைக் காதருகே கொண்டுபோக வேண்டும். எழுதுபவர் பெயர் என்ற இடத்தில் 'நூலகம்' என்று மட்டும் போட்டாள். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று ஜெனிதா சொல்லியிருந்தார்.

முதல் பதிவு ஐந்தே வரி. 'எங்கள் நூலகத்துக்கு ஐந்து நாளிதழ்கள் வருகின்றன. நான்கு காலையில் வந்துவிடும். ஒன்று மட்டும் பதினோரு மணிக்குத்தான் வரும். ஏனென்றால் அது முதலில் டீக்கடைக்குப் போகிறது. அதில் டீ வட்டம் இருந்தால் மன்னிக்கவும்.'

குல்சும் மூன்று முறை படித்தாள். ஓட்டை இல்லை, கறை இல்லை. "அனுப்பு" என்றாள்.

திங்கட்கிழமை பகல் உணவு நேரத்தில் குல்சுமின் போன் அடித்தது. வேலை நேரத்தில் ஃபஹீமா கூப்பிட்டதே கிடையாது. குல்சும் பதறிக்கொண்டு எடுத்தாள்.

"அக்கா, ஒருத்தர் பதில் போட்டிருக்காருங்க. உடுமலைப்பேட்டைல ஒரு நூலகர். தேவதாஸ்னு பேரு."

"என்ன போட்டிருக்காரு?"

"'உங்க ஊர்ல டீக்கடைங்களா? எங்களுக்குச் சலூனுக்குப் போய்ட்டு வருதுங்க. முடி ஒட்டியிருக்கும்'னு."

குல்சும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைப் பெண்கள் என்னவென்று கேட்டார்கள். எட்டுப் பேருக்கும் அவள் சொன்னாள். தங்கையை முன்பின் தெரியாத ஒரு மனிதர், எழுபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, அவள் எழுதியதைப் படித்துப் பதில் எழுதியிருக்கிறார். அன்று பிற்பகல் மிச்ச உருப்படிகள் எல்லாம் குல்சுமுக்குத் தூசு போலப் பறந்தன.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் திருவிழாதான். மூன்றாவது வாரம் வாட்ஸ்அப் குழு. அதில் சேர்வதற்கான கட்டம் கட்டமான படத்தை அச்சிட்டு, ரசாக் பாயின் டீக்கடைக் கண்ணாடியில் ஃபஹீமா ஒட்டினாள். முதல் நாள் பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். குழு தொடங்கி இரண்டு வாரம் முடியும்போது இருநூற்றுப் பன்னிரண்டு. குழுவில் யாரும் யாருக்கும் காலை வணக்கப் படம் அனுப்பக்கூடாது என்று ஃபஹீமா போட்ட விதியை மீறியவர் ரசாக் பாய் ஒருவர்தான். ரோஜாப்பூ படம்.

ஐந்தாவது வாரம் கருத்துக்கணிப்பு. 'நூலகத்துக்கு வர உங்களுக்கு எந்த நேரம் வசதி?' என்று கேட்டு, காலை, மாலை என்று இரண்டு விடை கொடுத்தாள். ஓட்டு போட்டவர்கள் பதினைந்து பேர்கூட இல்லை. ஆனால் கீழே ஒரு தறிக்காரர் எழுதியிருந்தார்: 'கரண்ட் போற அன்னைக்கு மட்டும்தாங்க நாங்க மனுசங்க. மத்த நாள் பன்னெண்டு மணி நேரம் தறி.' அதற்கு நாற்பத்தாறு பேர் கைதட்டியிருந்தார்கள்.

மற்றவர்கள் அதைக் கிண்டலாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஃபஹீமா காலண்டரை எடுத்தாள். மாதம் ஒருமுறை பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை மின்தடை. அடுத்தது பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை. ஆனால் நூலகம் பன்னிரண்டு மணிக்கு மூடி நான்கு மணிக்குத்தான் திறக்கும். ஊரே சும்மா இருக்கும் நேரத்தில் நூலகமும் சும்மா இருந்திருக்கிறது, இத்தனை வருடமாக.

திங்கட்கிழமை காலை குழுவில் ஒரே வரி போட்டாள். 'நாளை மின்தடை. நூலகம் காலை முதல் மாலை வரை மூடாமல் திறந்திருக்கும்.'

வழக்கமாக ஒரு நாளில் பத்துப் பேர் வந்தால் பெரிது. செவ்வாய்க்கிழமை எழுபத்து நான்கு பேர் வந்தார்கள். தறிகள் நின்று ஊர் அமைதியாகக் கிடந்ததில், தாள் புரட்டும் சத்தம் வாசல் வரை கேட்டதாக ஃபஹீமா பிறகு சொன்னாள். நாற்காலி போதாமல் சன்னல் விளிம்பிலும் படியிலும் உட்கார்ந்தார்கள். ரசாக் பாய் சொம்பில் டீ கொண்டுவந்து விநியோகித்துவிட்டு, யாரும் பார்க்காதபோது தானும் ஒரு புத்தகம் எடுத்துப் போனார். மாலை நான்கு மணிக்குள் அறுபத்தொரு பேர் வீட்டுக்குப் புத்தகம் எடுத்திருந்தார்கள். பதிவேட்டில் இரண்டு பக்கம் நிரம்பியிருந்தது. வரிசை எண், உறுப்பினர் பெயர், புத்தகம், தேதி. ஃபஹீமாவின் கையெழுத்து கோடு போட்டதுபோல இருக்கும். ஓர் அடித்தல் இல்லை.

பதிவேட்டின் சங்கதி இங்கே முக்கியம். நூலகத்துக்கு ஆய்வுக்கு வரும் எந்த அதிகாரியும் நாற்காலியில் உட்காருவதற்கு முன் கேட்பது, "பதிவேட்டத் திறங்க" என்பதுதான். ஆறு வருடமாக அதைத் திறந்து காட்டியே ஃபஹீமா நல்ல பெயர் எடுத்திருந்தாள். திறந்த பதிவேடுதான் நேர்மைக்குச் சாட்சி என்று அவள் கைக்குப் பழகிப்போயிருந்தது. அந்த வாரப் பயிற்சி, 'உங்கள் நூலகத்தின் சாதனையை ஒரு படத்தோடு பகிருங்கள்'. அவள் யோசிக்கவே இல்லை. இரண்டு பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுத்து, 'ஒரே நாளில் அறுபத்தொரு புத்தகங்கள்!' என்று வலைப்பூவிலும் குழுவிலும் போட்டாள்.

குல்சும் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, வரிசை எண் ஒன்றிலிருந்து அறுபத்தொன்று வரை விரலால் தொட்டுச் சரிபார்த்தாள். எண் எதுவும் விட்டுப்போகவில்லை. "சுத்தமா இருக்குது" என்றாள். அறுநூறு உருப்படியில் ஓர் ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு அது தப்பிவிட்டது.

முதலில் சிரிப்புத்தான். 'ரசாக் பாய், சர்க்கரை வியாதிப் புத்தகம் எடுத்திருக்கீங்க. இனிமே நம்ம டீயிலயும் கம்மியாப் போடுவீங்களா?' என்று ஒருவர். 'முப்பத்தி ரெண்டாம் நம்பர் நம்ம பங்காளி, சமையல் புத்தகம். ஊட்டுல சண்டையாட்ட இருக்குது' என்று இன்னொருவர். படம் குழுவிலிருந்து வேறு குழுக்களுக்குப் போனது. புதன்கிழமை காலைக்குள் ஊர்ச் செய்திகள் போடும் ஒரு ஃபேஸ்புக் பக்கத்திலும் வந்துவிட்டது.

நாற்பத்தேழாம் எண், சண்முகப்பிரியா. புத்தகம், அரசு வேலைக்கான தேர்வு வழிகாட்டி.

சண்முகப்பிரியா, கோவிந்தராஜுலு என்பவரின் தறிக்குடோனில் தார் சுற்றுகிறவள். தறி நாடாவுக்குள் போகும் நூலைக் கட்டையில் சுற்றித் தரும் வேலை. எட்டு மாதமாக, வேலை முடிந்து போகிற வழியில் அரை மணி நேரம் நூலகத்தில் உட்கார்ந்து, அந்த வழிகாட்டியைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போவாள். வீட்டுக்கு எடுத்துப் போனதே இல்லை. மின்தடை அன்று கிடைத்த தைரியத்தில்தான் முதன்முறையாக எடுத்துப் போனாள்.

புதன்கிழமை கோவிந்தராஜுலு குடோன் வாசலில் வைத்தே கேட்டிருக்கிறார். "ஏனுங் அம்மணி, கவர்மெண்ட் உத்தியோகத்துக்குப் போறியாமா? சொன்னீன்னா நான் வேற ஆளு பாத்துக்குவேனில்ல."

வியாழக்கிழமை மாலை அவள் நூலகத்துக்கு வரவில்லை. வழிகாட்டிப் புத்தகம் மட்டும் வேறொரு பெண்ணின் கையில் திரும்பி வந்தது. எடுத்து இரண்டே நாள்.

விஷயத்தை அந்தப் பெண் சொல்லித்தான் ஃபஹீமாவுக்குத் தெரியும். உடனே படத்தை நீக்கினாள். ஜெனிதாவுக்குப் போன் செய்தாள். மற்ற பக்கங்களில் போனது தானாகப் போகாது, ஒவ்வொருவராகக் கேட்டு எடுக்கவைக்க வேண்டும் என்று அவர் வழி சொன்னார். ஃபஹீமா பதினோரு குழுக்களுக்கு எழுதி, ஒன்பதில் எடுக்கவைத்தாள். ஃபேஸ்புக் பக்கத்துக்காரரும் எடுத்துவிட்டார். ஆனால் அன்று அவள் சோறு சாப்பிடவில்லை.

"எட்டு மாசம் அக்கா. ஒரு வார்த்த யார்கிட்டயும் சொல்லாம படிச்சாங்க. என்னை நம்பித்தான உள்ள வந்தாங்க. அவங்க திரும்பி வரலைனா நான் இந்தப் பயிற்சிய முடிச்சு என்ன பண்றது?"

குல்சும் சோற்றுத்தட்டை மூடி வைத்தாள். அவளும் பார்த்த படம்தானே.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு வார விடுமுறை. குல்சும் கம்பெனியில் அரை நாள் கேட்டு வாங்கிக்கொண்டு தங்கையோடு போனாள். சண்முகப்பிரியாவின் வீட்டு வாசலில் மாமியார் வெங்கடலட்சுமி துணி உதறிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் யாரென்று தெரிந்ததும் உதறுவது நின்றது.

"வாங்க. நீங்கதானா அந்த நூலகம்?"

"நாந்தானுங்க. தப்பு செஞ்சுபோட்டேன். மன்னிப்புக் கேக்கத்தான் வந்தோமுங்க."

"இவ படிக்கறது எனக்கு வருத்தமில்லீங்க. ஊருக்கே தெரிஞ்சுது, மொதலாளிக்குத் தெரிஞ்சுது, ஒரே ஊட்டுல இருக்கிற எனக்குத் தெரியல. அதைத்தான் என்னால தாங்க முடியல" என்றார் வெங்கடலட்சுமி. குரல் உடைந்ததை மறைக்கத் துணியை மறுபடி உதறினார்.

அன்று குடோனுக்குப் போகாத சண்முகப்பிரியா கதவருகே நின்றிருந்தாள். அவள் மாமியாரைப் பார்த்த பார்வையில், அந்த வார்த்தைகளை அவளும் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறாள் என்று குல்சுமுக்குப் புரிந்தது.

"வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேனுங்க அத்தை."

"கேட்டிருந்தாத்தான தெரியும்."

ஃபஹீமா பொதுவில் மன்னிப்பு எழுதப்போவதாகச் சொன்னாள். சண்முகப்பிரியா மெதுவாகக் கேட்டாள்.

"எழுதுங்க, வேண்டாங்கல. ஆனா யாரு எழுதறாங்க? அந்தப் படத்துக்கு அடியில 'நூலகம்'னு போட்டிருந்துச்சு. எங்க பேரெல்லாம் இருந்துச்சு, உங்க பேரு மட்டும் இல்ல. நூலகம் எங்க குடோனுக்கு வந்து பதில் சொல்லுமுங்களா?"

சொல்லிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஃபஹீமா நோட்டுத்தாளில் மன்னிப்பை எழுதி அக்காவிடம் கொடுத்தாள். குல்சும் கம்பெனிப் பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்து வைத்துக்கொண்டு படித்தாள். ஒரு பக்க எழுத்தில் ஏழு சிவப்பு அம்பு விழுந்தது.

"'ஆர்வ மிகுதியால்'னு இருக்குது. இது எதுக்கு? ஆர்வத்து மேல பழியப் போடறியா?"

"எடுத்துடறேங்க."

"'யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்'. அந்தம்மா துணி உதறுனதப் பாத்தியில்ல? 'பட்டிருந்தால்'னு என்ன? பட்டுப்போச்சு."

"சரிங்க."

"'தொழில்நுட்பக் கோளாறு'. எந்தத் தொழில்நுட்பம்? போட்டோ நல்லாத்தான வந்துது."

ஃபஹீமா அழுகையினூடே சிரித்துவிட்டாள். ஏழு அம்பும் போன பிறகு எட்டு வரி மிஞ்சியது. எல்லாம் நேராக இருந்தன. பதிவேட்டைப் படம் எடுத்ததும், போட்டதும், அது ஏன் தப்பு என்பதும், இனி ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவருக்கும் நூலகத்துக்கும் மட்டுமே தெரியும் என்பதும். சண்முகப்பிரியாவின் பெயரோ எண்ணோ எங்கும் இல்லை. அதை முதலில் சண்முகப்பிரியாவின் போனுக்கு அனுப்பச் சொன்னாள் குல்சும். கம்பெனியில் ஆர்டர் கொடுத்தவர் மாதிரியைப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஓர் உருப்படி வெளியே போகாது.

கடைசி வரிக்குக் கீழே ஃபஹீமா தன் பெயரை எழுதியிருந்தாள். அதன் மேல்தான் குல்சும் எட்டாவது அம்பை ஒட்டினாள்.

"இது வேண்டாம் கண்ணு."

"ஏங்கக்கா?"

"உன் வேலை தற்காலிகம். நாளைக்கு மேல இருந்து ஒருத்தர் படிச்சா, தப்பு செஞ்சது யாருன்னு தேட வேண்டியதேயில்ல, நீயே எழுதிக் கொடுத்திருக்கே. எங்க கம்பெனில பெட்டிக்குள்ள செக்கிங் நம்பர் போட்ட சீட்டு இருக்கும். அந்தச் சீட்டால வேலை போனவங்க நாலு பேர எனக்குத் தெரியும். இருபத்து மூணு பேர்ல ஒருத்தியா வாங்குன வேலை. நூலகம்னே இருக்கட்டும்."

ஃபஹீமா அந்த ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நகத்தால் அதன் ஓரத்தைக் கிளப்பினாள்.

"அறுபத்தோரு பேரோட பேர அவங்களக் கேக்காமப் போட்டேனுங்க. என் பேர மட்டும் பத்திரமா ஒளிச்சு வெச்சுக்கறதாக்கா?"

அக்காவை எதிர்த்து அவள் பேசியது அதுவே முதல் தடவை. குல்சும் கோபப்படப் பார்த்தாள், முடியவில்லை. இருபத்தாறு வருடத்தில் தான் ஒட்டிய ஓர் அம்பைத் தானே உரித்து எடுத்தது அன்றுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நூலகத்தைப் பன்னிரண்டு மணிக்கு மூடிவிட்டு ஃபஹீமா வீட்டுக்கு வந்தாள். எட்டு வரியையும் போனில் அடித்து முடித்து, அனுப்பாமல் வைத்திருந்தாள். ஒன்றரை மணிக்குச் சண்முகப்பிரியா கூப்பிட்டாள். அக்காவுக்கும் கேட்கும்படி ஃபஹீமா போனை மேசைமேல் வைத்தாள்.

"படிச்சேனுங்க. எங்க அத்தைக்கும் படிச்சுக் காட்டினேன். போடுங்க."

"கோவிந்தராஜுலு ஐயா ஏதாவது?"

"அத்தை நேத்தே குடோனுக்கு நேராப் போய்ப்போட்டாங்க. 'பரீட்சை முடியற வரைக்கும் சாயங்காலம் அவளுக்குப் பதிலா நான் வந்து தார் சுத்தறேன், வேற ஆளு பாக்காதீங்க'ன்னு சொல்லிட்டு வந்தாங்க. அவரு வாயத் தொறக்கல." சிரிப்புச் சத்தம் கேட்டது. பின்னால் வெங்கடலட்சுமி ஏதோ அதட்டுவதும் கேட்டது. "நாளைக்கு வாரேனுங்க. அந்த வழிகாட்டிய யாருக்கும் குடுத்துபோடாதீங்க."

போனை வைத்ததும் குல்சும் தங்கைக்குப் பின்னால் வந்து நின்றாள். எழுதுபவர் பெயர் என்ற இடத்துக்குப் போய், 'நூலகம்' என்ற சொல்லை எழுத்து எழுத்தாக அழித்துவிட்டு, தங்கை புதிதாக அடிப்பதை அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்தாள். ஓட்டை இல்லை, கறை இல்லை.

'ஷே. ஃபஹீமா, நூலகப் பணியாளர், நொச்சிக்காட்டுப்பாளையம். 2025 பிப்ரவரி 23.'